ஆளுக்கொரு சொல்

எங்களில் ஒருவர் பணிபுரியும் கல்லூரியில் கணினி அறிவியல் கற்பிக்கும் நண்பர், 2024 டிசம்பரில் பதினான்கு பக்கத் தட்டச்சுப் படியொன்றை நீட்டி, ஒற்று மிகும் இடங்களை மட்டும் பார்த்துத் தரும்படி கேட்டார். தம் துறையில் நடக்கும் ஆய்வுகளைப் பற்றி மாணவர்களுக்குத் தமிழிலேயே ஓர் உரை நிகழ்த்த வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. தலைப்பே முனைவர் பட்ட ஆய்வேட்டின் நீளத்தில் இருந்தது: 'பரவல் கணினி அமைப்புகளில் பிழை தாங்கும் ஒருமித்த முடிவை மேம்படுத்துவதில் நம்பகமான வன்பொருளின் பங்கு'. மிக வேண்டிய இடத்தில் வல்லினம் மிகாமலும், மிகக் கூடாத இடத்தில் தாராளமாக மிகுந்தும் இருந்தது. அதைத் தவிர எங்களுக்கு அதில் வேலை எதுவும் இராது என்றுதான் நினைத்தோம்.

'நாங்கள்' என்று இக்கட்டுரையில் வருவது கணவனும் மனைவியுமான நாங்கள் இருவரும்தான். ஒரே வகுப்பில் தமிழ் முதுகலை படித்தவர்கள். ஒருவர் கல்லூரியிலும் மற்றவர் மேல்நிலைப் பள்ளியிலுமாகத் தமிழ் கற்பிக்கிறோம். மெய்ப்புத் திருத்துவது போன்ற வேலைகளைச் சாப்பாட்டு மேசையில் இருவருமாகச் சேர்ந்து செய்வதே வழக்கம். எங்கள் வீட்டில் இரண்டு வாக்குகள் இருந்தாலும் அவை பெரும்பாலும் ஒரே வாக்காகத்தான் விழும். இது பெருமைக்குரிய செய்தியன்று என்பது பின்னால் விளங்கும்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு சொல் எங்களைத் தடுத்தது: இரட்டுறமொழிதல்.

தமிழ் படித்த எவரும் அந்தச் சொல்லைக் கண்டால் சற்று நிமிர்ந்து உட்காருவர். ஒரு சொல்லோ தொடரோ இரு பொருள்பட நிற்பது. காளமேகத்தின் பெயரோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டுவிட்ட அணி. பைசாந்தியத் தளபதிகளைப் பற்றிய கணினிக் கட்டுரையில் அதற்கு என்ன வேலை? கேட்டோம். தம் துறையில் 'ஈக்விவொகேஷன்' என்று ஒரு குற்றம் உண்டென்றும், அகராதியைப் பார்த்து அப்படி மொழிபெயர்த்ததாகவும் நண்பர் சொன்னார். அந்தக் குற்றம் என்னவென்று விசாரித்தோம். ஒரு கணினி மற்றொரு கணினியிடம் ஒரு செய்தியையும், மூன்றாவதனிடம் அதற்கு மாறான வேறொரு செய்தியையும் சொல்வது என்றார். அப்படியென்றால் அது இரட்டுறமொழிதல் ஆகாது என்றோம். சிலேடையில் சொல் ஒன்று, பொருள் இரண்டு. அதை எல்லார் முன்னிலையிலும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். இங்கே சொற்களே இரண்டு, ஆளும் இரண்டு. இதற்கு அணியிலக்கணத்தில் பெயர் கிடையாது. வீட்டு வசையில்தான் உண்டு. "சரி, ஒரு வாரத்தில் நல்ல சொல்லாகக் கொடுங்கள்" என்று அவர் போய்விட்டார்.

அந்த ஒரு வாரத்தில் கட்டுரையை நாங்கள் மூன்று முறை படித்தோம். முதல் முறை ஒற்றுக்காக. இரண்டாம் முறை சொல்லுக்காக. மூன்றாம் முறை படித்தபோது 2006-ஆம் ஆண்டு நாங்கள் செய்த ஒரு காரியத்துக்காக.

முதுகலை முடித்த புதிதில், 2004 சித்திரையில், ஒரு காலாண்டிதழ் தொடங்கினோம். சிற்றிதழ்களின் வழக்கப்படி முந்நூறு பிரதிகள். படைப்புகளைத் தேர்ந்து செம்மை செய்வது நாங்கள். தம் ஊரில் தெரிந்த அச்சகத்தில் தாள் வாங்கிக் கொடுத்து, அச்சிட்டு, கட்டி அனுப்புவது வகுப்புத் தோழர் ஒருவர். அவரை இங்கே அச்சாளர் என்போம். சந்தா வாங்கி வங்கியில் போட்டு வேண்டும்போது அனுப்புவது சென்னையில் இருந்த இன்னொருவர், அவர் பொருளாளர். மூன்று ஊர்கள், மூன்று முனைகள். எங்களை இரண்டாகக் கணக்கிட முடியாது என்பதை மேலேயே சொல்லிவிட்டோம். ஆறு இதழ்கள் வந்தன. ஏழாவது வரவில்லை.

நடந்தது இவ்வளவுதான். 2006 ஜூனில் தொலைபேசியில் கேட்டபோது, தாளுக்கான பணம் போய்விட்டதென்று பொருளாளர் சொன்னார். அல்லது அப்படித்தான் எங்கள் காதில் விழுந்தது. இரண்டு வாரம் கழித்து அச்சாளரிடமிருந்து கடிதம்: பணம் வரவில்லை, இதழை நிறுத்தும் யோசனையில் இருப்பது நீங்கள்தானாமே என்று. நாங்கள் உடனே பொருளாளரை அழைத்துக் கேட்டோம். "உங்களிடம் சொன்னதைத்தானே அவரிடமும் சொன்னேன்" என்றார். பொருளாளர் எங்களுக்கு இளங்கலை வகுப்பிலிருந்தே பழக்கம். அச்சாளர் முதுகலையில் வந்து சேர்ந்தவர். இரண்டு ஆண்டுகள் கூடுதலான நட்பு. அதைத் தவிர வேறு சான்று எதுவும் எங்களிடம் இல்லை. அச்சாளருக்கு நான்கு வரிக் கடிதம் ஒன்று எழுதினோம். அந்த நான்கு வரிகளும் இன்றுவரை எங்களுக்கு மனப்பாடம். இங்கே எழுத மனமில்லை. அவர் பதில் எழுதவில்லை.

கணினித்துறை நண்பரின் ஆறாம் பக்கத்தில் இதே காட்சி ஒரு படமாக வரையப்பட்டிருந்தது. மூன்று வட்டங்கள், அவற்றை இணைக்கும் அம்புகள். ஒரு தளபதி, இரண்டு படைத்தலைவர்கள். 'தாக்கு' என்று எனக்கு ஆணை வந்தது. ஆனால் தமக்கு 'பின்வாங்கு' என்று வந்ததாக மற்றவர் சொல்கிறார். தளபதி ஆளுக்கொன்று சொன்னாரா, அல்லது ஒன்றே சொல்லியிருக்க இவர் திரிக்கிறாரா? என் இருப்பிடத்திலிருந்து பார்த்தால் இரண்டு காட்சிகளும் அச்சாக ஒன்றே. எவ்வளவு கூர்மையான அறிவு இருந்தாலும், எத்தனை முறை மாறி மாறிக் கேட்டாலும், மூவர் மட்டுமே இருக்கும் இடத்தில் ஒருவர் பொய்யராக இருந்தால் உண்மையைப் பிரித்தறிய வழியில்லை. இது யாரோ ஒருவரின் அனுபவ மொழியன்று, நிறுவப்பட்ட தேற்றம். மார்ஷல் பீஸ், ராபர்ட் ஷோஸ்டாக், லெஸ்லி லாம்போர்ட் ஆகிய மூவர் (அவர்களும் மூவர்தான்) 1980-இல் வெளியிட்டது. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கிலுள்ள எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனத்தில், விமானத்தைச் செலுத்தும் கணினிகள் ஒன்று பழுதானாலும் மற்றவை சரியான முடிவெடுக்க வேண்டும் என்ற நாசாவின் தேவைக்காக நடந்த ஆய்விலிருந்து கிளைத்தது அது.

1982-இல் அதையே தளபதிகளின் கதையாக்கி எழுதினார்கள். லாம்போர்ட்டுக்கு ஒரு கணக்கு இருந்தது: டெய்க்ஸ்ட்ராவின் 'உணவருந்தும் தத்துவஞானிகள்' புதிர் அத்தனை புகழ் பெற்றதற்குக் காரணம் அதனுள் இருந்த கதைதான், ஆகவே தம் தேற்றத்துக்கும் கதை வேண்டும். முதலில் அல்பேனியத் தளபதிகள் என்று வைக்க நினைத்தாராம். அந்நாடு அப்போது உலகத்தோடு தொடர்பற்று மூடிக்கிடந்ததால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை என்ற எண்ணம். அல்பேனியர்கள் அல்பேனியாவுக்கு வெளியிலும் இருக்கிறார்கள் என்று உடன்பணியாற்றிய ஒருவர் நினைவூட்டிய பிறகு, புண்படுவதற்கு ஆளே மிச்சமில்லாத பைசாந்தியத்தைத் தேர்ந்துகொண்டார். அறிவியல் தன் தேற்றங்களுக்குக் கதை தேடுகிறது என்பதில் இலக்கிய மாணவர்களாகிய எங்களுக்கு ஓர் அற்பப் பெருமிதம் உண்டானதை மறைக்க வேண்டியதில்லை.

ஒரு பொய்யரைத் தாங்க நால்வர் வேண்டும். இரண்டு பொய்யர்களுக்கு எழுவர், மூன்று பேருக்குப் பதின்மர். ஏன் நால்வர் என்பதை நண்பர் எங்கள் சாப்பாட்டு மேசையில் நான்கு தம்ளர்களை வைத்து விளக்கினார். வலைப்பின்னலில் பதில் வராத கணினி செத்துவிட்டதா, தாமதிக்கிறதா என்று சொல்ல முடியாது. தபால் வராததும் எழுதாததும் பெறுபவருக்கு ஒன்றாகவே தெரிவதுபோல. ஆகவே நால்வரில் ஒருவர் வாய் திறக்காவிட்டாலும் வேலை நடக்க வேண்டுமென்றால், மூவர் சம்மதித்ததும் முடிவெடுத்தாக வேண்டும். நால்வரிலிருந்து எந்த மூவரைத் தேர்ந்தாலும், வேறெந்த மூவரைத் தேர்ந்தாலும், இரு குழுவிலும் குறைந்தது இருவர் பொதுவாக இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவர் பொய்யரானாலும் மற்றவர் மெய்யர். அவர் ஒருகாலும் முரணான இரண்டு முடிவுகளுக்குச் சம்மதம் தந்திருக்க மாட்டார். அந்த ஒற்றை மெய்யரின் மேல்தான் கட்டடம் முழுவதும் நிற்கிறது. மூவரே இருந்தால்? இருவர் சம்மதத்தோடு முடிவெடுக்க வேண்டும். இருவர் கொண்ட இரண்டு குழுக்களுக்கும் பொதுவானவர் ஒரே ஒருவர். அவரே பொய்யராக இருக்கலாம். எங்கள் இதழில் நாங்களும் பொருளாளரும் ஒரு குழு. அச்சாளரும் பொருளாளரும் இன்னொரு குழு. பொதுவில் நின்றவர் பொருளாளர்.

இந்த அடிப்படையில் வெறும் தேற்றத்தை ஓடக்கூடிய மென்பொருளாக்கிக் காட்டியவர்கள் எம்.ஐ.டி.யின் மிகேல் காஸ்ட்ரோவும் பார்பரா லிஸ்கோவும். அது 1999-இல். அவர்கள் முறையிலும் நான்கு கணினிகள் வேண்டும். செலவு பிடித்த காரியம். மூன்றைக் கொண்டே முடிக்க வழியுண்டா என்று பலரும் தேடத் தொடங்கினார்கள். நண்பரின் கட்டுரை உண்மையில் தொடங்குவதே இங்கேதான்.

கையெழுத்து வாங்கினால் போதாதா என்று நாங்கள் கேட்டோம். பாதி சரி. செய்தி குறித்த நேரத்துக்குள் வந்தே தீரும் என்ற உறுதி இருந்தால், கையொப்பமிட்ட கடிதங்களைக் கொண்டு மூவரும் தப்பித்துவிடலாம். 1982-ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே அது உண்டு. பொருளாளர் எங்கள் இருவருக்கும் அஞ்சலட்டையில் எழுதியிருந்தால், இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் எப்போது பக்கத்தில் வைத்துப் பார்ப்பது? அந்தச் சந்திப்பு நிகழும் முன்னரே இருவரும் தத்தம் அட்டையை நம்பிக் காரியத்தில் இறங்கிவிட்டால், கையெழுத்து பின்னால் குற்றவாளியைக் காட்டும், நடந்ததைத் திருப்பாது. யார் சொன்னார் என்பதற்குத்தான் கையெழுத்து சாட்சி. அவர் வேறு யாரிடமும் வேறு மாதிரி சொல்லவில்லை என்பதற்கு அன்று.

அந்த இரண்டாவது சாட்சியத்தைத் தருவதுதான் நம்பகமான வன்பொருள். கணினி முழுவதையும் நம்ப வேண்டியதில்லை. அதனுள் யாரும் கைவைக்க முடியாத ஒரு சிறு சில்லு. அதற்குள் ஓர் இரகசியத் திறவுகோலும் ஓர் எண்ணியும். அவ்வளவே. கணினி எந்தச் செய்தியை வெளியே அனுப்புவதானாலும் அதைச் சில்லிடம் நீட்ட வேண்டும். சில்லு தன் எண்ணை ஒன்று கூட்டி, அந்த எண்ணையும் செய்தியையும் சேர்த்து முத்திரையிட்டுத் தரும். ஒருமுறை தந்த எண்ணை மறுபடி எக்காலத்திலும் வேறொரு செய்திக்குத் தராது. இனி ஏழாம் எண்ணில் ஒரு செய்திதான் இருக்க முடியும். ஒருவருக்கு ஏழாம் எண்ணிலும் மற்றவருக்கு எட்டாம் எண்ணிலும் மாற்றிச் சொல்லி ஏமாற்றலாமே என்றால், பெறுபவர்கள் வரிசையாகத்தான் வாங்குவார்கள். ஏழைக் காணாமல் எட்டைத் தொடமாட்டார்கள். இப்போது மூவரே போதும். பொதுவில் நிற்கும் அந்த ஒருவர் பொய்யராகவே இருந்தாலும் இருவரிடமும் ஒரே பொய்யைத்தான் சொல்ல முடியும். இரண்டு பொய்யர்களைத் தாங்க எழுவர் இருந்த இடத்தில் ஐவர் போதும்.

இங்கே நாங்கள் படியை மூடி வைத்துவிட்டோம் என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். தேற்றத்தின் உட்கருத்து அப்போதுதான் புலப்பட்டது: குழுவைக் குலைப்பது பொய்யன்று. எல்லாரிடமும் ஒரே பொய்யைச் சொல்பவரை வைத்துக்கொண்டு குழு எப்படியோ நடந்துவிடும். முடிவு தவறாக இருக்கலாம், ஆனால் எல்லாருக்கும் ஒரே தவறு. ஆளுக்கொரு சொல் சொல்பவரால்தான் மற்றவர்களுக்குள் பகை மூள்கிறது. நான்காவது கணினிக்கு ஆகும் செலவு முழுவதும் அந்த ஒரு குற்றத்துக்கான தண்டம். அதைச் செய்யவே முடியாதபடி ஒரு சிறு பூட்டைப் போட்டால் தண்டம் தேவையில்லை. நண்பருக்கு வேண்டிய சொல்லும் அப்போதே கிடைத்துவிட்டது.

இந்தப் பூட்டு ஒரே நாளில் இவ்வளவு சிறிதாகிவிடவில்லை. 2004-இல் லிஸ்பன் பல்கலைக்கழகத்தினர், பாதிக்குச் சற்றுக் குறைவான கணினிகள் கெட்டாலும் தாங்கும் முறையைக் காட்டியபோது அவர்களுக்கு உதவியது, கணினிகளுக்கிடையே தனி வழியில் பேசிக்கொள்ளும் ஒரு நம்பகமான பகுதி. 2007-இல் வந்த ஆய்வில் அது ஒரு நினைவுப் பேரேடாயிற்று: சேர்க்கலாம், அழிக்க முடியாது. 2009-இல் 'ட்ரிங்க்' என்ற முறையை அமைத்தவர்கள் பேரேடுகூட வேண்டாம், ஓர் எண்ணியும் திறவுகோலுமே போதும் என்று காட்டினர். 2012-இல் ஜெர்மானிய ஆய்வாளர்களை முதன்மையாகக் கொண்ட குழு, எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை மூன்றில் ஒரு கணினியை ஓய்வாக வைத்திருக்கலாம் என்றது. 2013-இல் போர்ச்சுகல், பிரேசில் ஆய்வாளர்களின் 'மின்-பி.எஃப்.டி.' அந்த ஒற்றை எண்ணியை வைத்தே, செய்திப் பரிமாற்றத்தில் ஒரு சுற்றையும் குறைத்தது. நன்னூலார் சொன்ன அழகுகளில் முதலாவது சுருங்கச் சொல்லல். இவர்கள் செய்தது சுருங்க நம்பல்.

எங்கள் இதழுக்கும் அப்படி ஒரு சில்லு இருந்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை. 2013-இல் பொருளாளர் குடும்பத்தோடு வெளிநாடு செல்லும்போது, வீட்டில் மிஞ்சிக்கிடந்த பழைய இதழ்க் கட்டுகளை லாரியில் போட்டு எங்களுக்கு அனுப்பிவைத்தார். நான்காவது கட்டைப் பிரித்தபோது இரண்டு இதழ்களுக்கு நடுவே இதழின் பெயரிலிருந்த வங்கிப் பாஸ்புக் கிடந்தது. 2006 ஜூன் மாதத்தைத் தேடினோம். பணம் எடுத்ததாக வரி ஏதுமில்லை. ஜூலையிலும் இல்லை, ஆண்டு முடியும்வரை இல்லை. வட்டி வரவு மட்டும் தன்பாட்டுக்கு ஏறியிருந்தது. பணம் அங்கேயே இருந்தது. அச்சாளர் எழுதியது உண்மை.

அந்தப் பாஸ்புக்குக்கு எங்கள் நட்பைப் பற்றி எதுவும் தெரியாது. யார் இளங்கலைத் தோழர், யார் முதுகலைத் தோழர் என்று தெரியாது. வரவும் செலவும் வந்த வரிசையில் ஏறும், முன்னால் ஏறியதை மாற்ற முடியாது என்பதொன்றே அதற்குத் தெரியும். 2006-இல் அதன் ஒரு பக்கத்தை நகலெடுத்து அனுப்பும்படி கேட்கவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. கேட்பது அவமரியாதை என்றல்லவா நினைத்திருப்போம்!

2013-இல் தெரிந்தும் அச்சாளருக்கு எழுதினோமா? இல்லை. ஏழு ஆண்டுகள் கடந்துவிட்டதே என்று தயங்கினோம். தயங்கத் தயங்க அது பதினெட்டு ஆண்டுகளாயிற்று. தவறு தெரியாமல் இருந்த ஏழு ஆண்டுகளைவிடத் தெரிந்தபின் கடத்திய பதினோரு ஆண்டுகள்தாம் கூடுதலானவை.

நண்பரின் கட்டுரை வன்பொருளைப் போற்றுவதோடு நிற்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பதினோராம் பக்கத்திலிருந்து வழக்கு எதிர்ப்பக்கம் திரும்புகிறது. 2015-இல் இன்டெல் நிறுவனம் தன் செயலிகளுக்குள்ளேயே 'எஸ்.ஜி.எக்ஸ்.' என்ற நம்பகமான அறையொன்றை அமைத்தது. தனிச் சில்லு தேட வேண்டாம், எல்லா மேசையிலும் இருக்கிறது என்பதால் ஆய்வுகள் பெருகின. 2018-இல் 'ஃபோர்ஷேடோ' என்று பெயரிடப்பட்ட தாக்குதல், அந்த அறைக்குள்ளிருந்து, 'நான் உண்மையான அறைதான்' என்று சான்றளிக்கும் திறவுகோலையே வெளியே எடுத்துக் காட்டியது. அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. வேறு ஓட்டைகள் வந்தன. பதினோராம் தலைமுறை முதல் மேசைக் கணினி, மடிக்கணினிச் செயலிகளில் அவ்வசதியை இன்டெல் விட்டுவிட்டது; வழங்கிக் கணினிகளுக்கான செயலிகளில் தொடர்கிறது. இதுவன்றி, மின்சாரத்தை நிறுத்திச் சில்லைப் பழைய நிலைக்குத் திருப்பினால் எண்ணி மறுபடி ஏழிலிருந்து எண்ணத் தொடங்கிவிடும் ஆபத்தும் உண்டு. தொலைந்துவிட்டது என்று சொல்லி வெற்றுப் பக்கங்களோடு புதுப் பாஸ்புக் வாங்குவது போல. அதைத் தடுக்க எண்ணை அழியாத நினைவகத்தில் ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும். எழுத எழுத வேகம் குறைகிறது, நினைவகமும் தேய்கிறது.

ஆனால் எங்களை அதிகம் கவர்ந்தது இன்னொரு தடை. அதை நண்பர் இரண்டே வரியில் கடந்துவிட்டார். நாங்கள் அரைப் பக்கம் எழுதச் சொன்னோம். மூன்று கணினிகளிலும் இருப்பது ஒரே நிறுவனத்தின் ஒரே சில்லு. அதில் ஒரு குறை இருந்தால் மூன்றிலும் அதே குறை. சுவடிப் பதிப்பியல் நடத்துபவர்களுக்கு இது பழைய தலைவலி. உ.வே.சா. 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிடுமுன் ஊர் ஊராகச் சுவடிகள் தேடியது எண்ணிக்கை சேர்ப்பதற்காக அன்று. பத்துச் சுவடிகள் ஒரே பாடத்தைச் சொன்னாலும், பத்தும் ஒரே தாய்ச் சுவடியைப் பார்த்து எழுதியவை என்றால் அங்கே சாட்சி ஒன்றுதான். ஏடெழுதியவர் தாய்ச் சுவடியில் விட்ட பிழையைப் பத்துப் பேரும் ஒரே குரலில் சத்தியம் செய்வார்கள். தனித்து நிற்கும் பதினோராவது சுவடியை, பெரும்பான்மைக்கு மாறானது என்று நாம் ஒதுக்கிவிடுவோம். ஒரே மேசையில் உண்ணும் எங்கள் இரண்டு வாக்குகளின் கதையும் அதுதான். நால்வர் வேண்டும் என்ற கணக்கில் ஏட்டளவில் நாங்கள் நால்வர் இருந்தோமே!

2023-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையொன்று, இந்தச் சிக்கனத்தையே கேள்விக்குள்ளாக்கியது. மூவராகக் குறைத்துவிட்டால் ஒருவர் தாமதித்தாலும் பதில் கேட்டவர் காத்துக் கிடக்க நேர்கிறது. எண்ணி ஒவ்வொன்றாக எண்ணுவதால் எல்லா வேலையும் ஒற்றை வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. ஆகவே ஆளைக் குறைக்காதீர்கள், நால்வரே இருக்கட்டும். சில்லை வேகத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்பது அவர்கள் கட்சி. எங்கள் சாய்வும் அந்தப் பக்கமே. நான்காவதாக ஒரு நண்பர் இருந்திருந்தால், பாஸ்புக்கைக் கேட்டு வாங்குங்கள் என்றாவது சொல்லியிருப்பார்.

சொல்லைக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின இரவு, பரணிலிருந்து அந்தக் காலத்துக் கடிதப் பெட்டியை இறக்கினோம். அச்சாளரின் கடிதம் இருந்தது. உள்நாட்டு அஞ்சல் தாளில், மடிப்பு வரை நெருக்கி எழுதியது. இத்தனை ஆண்டுகளாக அதன் சாரத்தை நினைவில் வைத்திருந்தோமே தவிர, மறுபடி எடுத்துப் படித்ததில்லை. அதில் இருந்தது இது: 'பணம் அனுப்பின மாதிரிதான் என்கிறார். எனக்கு விளங்கவில்லை. இன்னும் வரவில்லை. நீங்களும் யோசிப்பதாகச் சொன்னார்.'

அனுப்பின மாதிரிதான்.

அந்தத் தொடரைக் கண்டதும் எங்கள் காதிலும் பொருளாளரின் குரல் அதே தொடரைச் சொன்னது. ஜூன் மாதத்துத் தொலைபேசியில் அவர் எங்களிடம் சொன்னதும் அதுவேதான். நாங்கள் அதை 'அனுப்பியாயிற்று' என்று கேட்டோம். அச்சகத்தில் தாள்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தவர் அதை 'அனுப்பவில்லை' என்று கேட்டார். உங்களிடம் சொன்னதைத்தான் அவரிடமும் சொன்னேன் என்றாரே, அது எழுத்துக்கு எழுத்து மெய். நாங்கள் யோசிப்பதாகச் சொன்னதும் முழுப் பொய்யன்று. தாள் விலை ஏறிவிட்டதால் ஏழாம் இதழின் பக்கங்களைக் குறைக்கலாமா என்று யோசிப்பதாக நாங்களே அவரிடம் சொல்லியிருந்தோம்.

மறுநாள் நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் சற்றும் வியக்கவில்லை. பைசாந்தியப் பிழைக்குச் சதிகாரன் தேவையில்லை என்றார். தேய்ந்துபோன ஒரு மின்சுற்று ஒன்றுக்கும் சுழிக்கும் இடைப்பட்ட மின்னழுத்தத்தை அனுப்பினால், ஒரு கணினி அதை ஒன்று என்று படிக்கும், பக்கத்துக் கணினி சுழி என்று படிக்கும். அனுப்பிய சுற்று இருவருக்கும் அனுப்பியது ஒரே அரைகுறை அழுத்தத்தைத்தான். அப்படியானால், எண்ணிச் சில்லு அதைத் தடுக்குமா என்று கேட்டோம். கம்பியில் போகும் அரை அழுத்தம் வேறு. அதை முத்திரை சரிபார்க்கும்போது பிடித்துவிடலாம். ஆனால் தெளிவாக எழுதி, எண்ணிட்டு, முத்திரையிட்டு அனுப்பிய ஒரு தொடரையே இருவர் இரண்டு விதமாகப் பொருள்கொண்டால் சில்லால் ஒன்றும் செய்ய இயலாது என்றார். "அது உங்கள் துறை" என்று சிரித்தார்.

எங்கள் துறைதான். இரட்டுறமொழிதல். சொல் ஒன்று, பொருள் இரண்டு. அவர் முதலில் எழுதியிருந்த சொல்லை நாங்கள் சிவப்பு மையால் அடித்திருந்தோம். அவருடைய கட்டுரைக்கு நாங்கள் கொடுத்த 'ஆளுக்கொரு சொல்' சரியான சொல்தான். உரையில் அதைத்தான் பயன்படுத்தினார், மாணவர்கள் இரசித்தார்கள். எங்கள் பொருளாளருக்குப் பொருந்துவது அவர் முதலில் எழுதியது. அவர் வஞ்சகர் அல்லர். அனுப்ப வேண்டும் என்று நினைத்து, நினைத்ததையே பாதிச் செயலாகக் கருதி, நாளை நாளை என்று தள்ளிப்போடும் இயல்பினர். அந்த இயல்பு எங்களுக்கு அன்னியமா என்ன? பதினோரு ஆண்டுகளாக அச்சாளருக்குக் கடிதம் எழுதின மாதிரிதானே இருந்தோம்!

2025 பொங்கலுக்கு மறுநாள் எழுதினோம். பைசாந்தியம், சில்லு எதுவும் இல்லை. பாஸ்புக் கிடைத்ததையும், எப்போது கிடைத்தது என்பதையும், அந்த நான்கு வரிகளுக்காக வருந்துவதையும் எழுதி, பாஸ்புக்கின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து உள்ளே வைத்தோம். பழைய முகவரிதான், ஊரை விட்டுப் போயிருக்க மாட்டார் என்ற ஊகம். மூன்று வாரம் பதில் இல்லை. வராதது தாமதமா, எழுதாததா என்று சொல்ல முடியாது என்பது இப்போது எங்களுக்குத் தெரிந்த பாடம். ஆனாலும் நாள்தோறும் வாசலைப் பார்த்தோம்.

பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் அஞ்சலட்டை வந்தது. நடந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. வீட்டு எண் மாறிவிட்டதால் கடிதம் சுற்றி வந்ததாகவும், தம்மிடம் இதழின் மற்ற ஐந்தும் இருக்கின்றன, மூன்றாம் இதழ் மட்டும் கரையான் அரித்துப் போயிற்று, இருந்தால் அனுப்பவும் என்றும் எழுதியிருந்தார். கட்டுகளில் தேடினோம். மூன்றாம் இதழ் பதினோரு பிரதிகள் இருந்தன. நல்லவையாக இரண்டைப் பொறுக்கி, புது வீட்டு எண்ணை எழுதி, அன்று மாலையே விரைவஞ்சலில் அனுப்பினோம். ரசீது பாஸ்புக்குக்குள் இருக்கிறது.